முழங்கையில் வலி இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கையில், பயிற்சியாளர் ஹானிகன் தம் அறைக்கதவைச் சாத்திவிட்டு லைல் ஹாஸ்டெட்லரை உட்காரச் சொன்னார். ஹாலோவே பேஸ்பால் அணியில் சாத்திய கதவுக்குப் பின்னால் எவருக்கும் நற்செய்தி கிடைத்ததில்லை.

"முழங்கை வலின்னு சொல்லிடு லைல். பத்து நாள் காயப்பட்டியல்ல இரு. சம்பளம் அது பாட்டுக்கு வரும்."

"எனக்கு வலிக்கலையே, கோச்."

"வலிச்சாத்தான் அந்தப் பட்டியல்ல போடுவாங்கன்னு எவன் சொன்னான்? நேத்துப் பொறந்தவனா நீ?"

லைல் நேற்றுப் பிறந்தவரல்லர். வயது முப்பத்து மூன்று. பதினொரு ஆண்டுகளாக, ஏழு ஊர்களில், முதல் எறிவீரர் களைத்த பின் களமிறங்கும் மாற்று எறிவீரராகவே காலம் தள்ளியவர். பெரிய லீக்கின் படியை ஒருநாளும் மிதித்திராதவர். மேலிடத்துக்குப் பிடித்த இளைஞன் ஒருவன் நாளை வருகிறான் என்றால், அணியில் இடம் ஒழிப்பதற்காக மூத்தவர் ஒருவருக்கு இன்றே வலி வந்துவிடும். சிறு லீக்குகளில் இது ஊரறிந்த வழக்கம். பலரும் அந்த வலியை வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போனார்கள்.

லைலால் அப்படிப் போக இயலவில்லை. குளிர்காலப் போட்டிக்காக மெக்சிகோவிலிருந்து ஓர் அணி அவரைக் கேட்டிருந்தது. கை நன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. முப்பத்து மூன்று வயதுக் கையின்மேல் 'வலி' என்றொரு சொல் ஏறிவிட்டால், பிறகு எந்த ஊரிலும் எவரும் அவருடைய தொலைபேசி அழைப்பை எடுக்கமாட்டார்கள்.

"மாட்டேன், கோச்."

"அப்ப மேல இருக்கறவங்க உன்னைக் கழட்டி விடுவாங்க."

"விடட்டும். கை நல்லா இருக்குன்னு எழுதிட்டுக் கழட்டி விடட்டும்."

ஹானிகன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். "ஆட்டம் முடிஞ்சதும் வெர்னன் உன் கையைப் பாப்பான். அதுக்குள்ள புத்தி வந்தாச் சரி. இன்னிக்கு நீ எறியப் போறதில்ல."

ஆகஸ்ட் மாத வெயில் புல்லைத் தீய்த்துக்கொண்டிருந்தது. மாற்று எறிவீரர்கள் அமரும் கொட்டகை வேலியோரத்தில் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில், எவரும் அழையாமலேயே லைல் எழுந்தார். கொட்டகையில் பந்து பிடிக்கும் எஸ்டெபானை எதிரில் குந்தவைத்து எறியத் தொடங்கினார். பந்து கையுறையில் மோதிய ஓசை, மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது.

கொட்டகைத் தொலைபேசி அலறியது. எஸ்டெபான் எடுத்தான்.

"உங்கள உட்காரச் சொல்றார் கோச்," என்றான் லைலைப் பார்த்து.

"காது கேக்கலன்னு சொல்லு."

"கோச், அவருக்குக் காது கேக்கலையாம். வேணும்னா காது வலின்னு எழுதிக்கலாம்."

புல்மேட்டில் பீர்க் கோப்பையுடன் சாய்ந்திருந்த ரசிகர் ஒருவர் குரல் கொடுத்தார்: "யோவ் பெருசு! உன்னை யாருமே கூப்பிடலையே, யாருக்குய்யா எறியிற?"

"கூப்பிடறவங்களுக்கு இல்லண்ணே. பாக்கறவங்களுக்கு!"

மேடு முழுவதும் சிரித்தது. சிரித்தவர்கள் திரும்பியும் பார்த்தார்கள். கை நன்றாக இருப்பதற்கு அத்தனை சாட்சிகள். லைலுக்கு வேண்டியது அதுதான்.

எட்டாவது இன்னிங்ஸில் ஹாலோவே ஒரே ஓட்டத்தில் முன்னிலையில் இருந்தது. ஹானிகன் அனுப்பிய இரு எறிவீரர்களும் அடிவாங்கித் திரும்பினர். மூவர் ஆட்டமிழந்தால்தான் முடியும் இன்னிங்ஸில் ஒருவரே ஆட்டமிழந்திருக்க, மூன்று தளங்களிலும் எதிரணியினர் ஓட்டம் எடுக்கக் காத்து நின்றனர். தொலைபேசி மீண்டும் அலறியது.

"அந்தக் கழுதைய அனுப்பு!"

"இங்க நாலஞ்சு கழுதை இருக்கே கோச். பேரைச் சொல்லுங்க," என்றான் எஸ்டெபான்.

லைல் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார்.

முதல் மட்டையாளனை மூன்றே பந்துகளில் அனுப்பினார். இரண்டாமவன் பிடிவாதக்காரன், பந்து பந்தாகத் தட்டிக் கழித்துக்கொண்டே நின்றான். ஒன்பதாவது பந்தை வளைத்து எறிந்தபோது, லைலின் முழங்கையின் உட்புறத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பி நுழைந்தாற்போல் இருந்தது.

ஹானிகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஒருமுறை உதறினாலும் போதும், எல்லாம் முடிந்துவிடும். லைல் உதறவில்லை. பந்து பிடிப்பவன் நேர்ப்பந்து கேட்டுச் சைகை செய்தான், தலையசைத்து மறுத்தார். மீண்டும் அதே வளைபந்தையே எறிந்தார். மட்டை காற்றை அடித்தது. மூன்றாமவனும் ஆட்டமிழக்க, இன்னிங்ஸ் முடிந்தது.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் அவரே இறங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எறிந்த பதினான்கு பந்துகளில் ஹாலோவே வென்றது.

வெர்னன் அணியின் காயங்களைக் கவனிப்பவர். லைலை மேசைமேல் உட்காரவைத்து, முழங்கையின் உட்புறத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். ஹானிகன் வாசலில் சாய்ந்து நின்றார்.

"வலிக்குதா?"

"இல்ல."

வெர்னன் இன்னும் ஆழமாக அழுத்தினார். லைலின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"இங்க?"

"உன் விரல்தான் சில்லுனு இருக்கு."

வெர்னன் விரலை விலக்கிப் பேனாவை எடுத்தார். நரம்பு துடித்ததை அவருடைய விரல் அறிந்திருந்தது. இருபது ஆண்டுகளாக, வராத வலிகளை எழுதி எழுதித் தேய்ந்த விரல் அது.

"என்ன எழுதப் போற?" என்றார் ஹானிகன்.

"வலி இல்லங்கறார், கோச். காலைல வலிக்குதுன்னு சொல்லியிருந்தா, பாக்காமயே எழுதியிருப்பேன். அதே மரியாதைதான் இதுக்கும்."

'முழங்கையில் வலி இல்லை' என்று எழுதினார். லைல் அந்தத் தாளைத் தம் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"அப்ப உன் இடத்தைக் காலி பண்ணு," என்றார் ஹானிகன். அவர் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. "முரட்டு ஜென்மம்."

"நன்றி கோச்."

பை கனத்தது. தூக்க வந்த எஸ்டெபானை விலக்கிவிட்டு, லைல் அதைப் பந்தெறியும் வலக்கையிலேயே எடுத்தார். உடைமாற்றும் அறையில் அனைவரும் பார்த்திருக்க, நீண்ட நடைவழியைக் கடந்து வாகனங்கள் நிற்குமிடம் வரையிலும் கை மாற்றவில்லை. விரல்கள் மரத்துப்போயின. மெக்சிகோவுக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருந்தன. ஏழு வாரத்தில் ஒரு கை ஆறாதா என்ன? ஆறாவிட்டால், வலிக்கிறது என்பதை அவரே சொல்லிக்கொள்வார். அதை வேறெவரும் அவருக்காகச் சொல்ல வேண்டியதில்லை.