உள்ளே போன பொத்தான்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பேத்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். இப்போதுதான் தலை வாரினாளாம், தொடவிட மாட்டேன் என்கிறாள். ஆகவே என் வழுக்கையிலேயே அடித்துச் சொல்கிறேன்.

கதை பிறந்தது ஒரு குற்றத்திலிருந்து. குற்றம் என்னுடையது. பட்டாணி அளவுள்ள ஒரு பொத்தானை வெளியே இழுத்துவிட மறந்து, என் சம்பந்தியை, அதாவது என் மகளின் மாமனாரை, சரிவில் அனுப்பிவைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சரிவுத் தெருவின் மேல் இளவெயில் மெல்ல —

இல்லை. வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது. அடுத்து:

முப்பத்தாறு வருஷம் ரெயில் ஓட்டிய —

இதுவும் வேண்டாம். சம்பந்தியே வாரம் இருமுறை இந்த வாக்கியத்தைத் தொடங்குகிறார். முடித்து நான் கேட்டதில்லை.

நேராகவே சொல்கிறேன். சம்பந்தி ஓய்வுபெற்ற ரெயில் டிரைவர். அவரிடம் ஒரு பழைய பந்தய சைக்கிள் இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். பின் பிரேக்கின் ஒயர் அறுந்து ஒரு வாரம். மிச்சம் இருந்தது முன் பிரேக் ஒன்றுதான். அன்று முன் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் பிரேக் கட்டைகள் விலகியாக வேண்டும். அதற்கென்றே பிரேக் லீவரில் ஒரு பொத்தான் உண்டு (உள்ளே அமுக்கினால் லீவர் இன்னும் கொஞ்சம் விரியும், ஒயர் தளரும், கட்டைகள் இரண்டும் பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கும், சக்கரத்தை மாட்டியதும் பொத்தானை வெளியே இழுத்துவிட வேண்டும், மறந்தால் லீவரை எவ்வளவு பிடித்தாலும் கட்டை ரிம்மைத் தொடாது.

3

எங்கள் முன்னறையில் செய்தித்தாளை விரித்துப் பஞ்சர் ஒட்டினேன்.

"நகருங்க சம்பந்தி, நான் மாட்டறேன்."

"ஆயிரம் டன்னை நிறுத்தினவன் நான். ஒரு சக்கரத்த மாட்டத் தெரியாதா?"

"நிறுத்தினீங்க. பஞ்சர் ஒட்டினீங்களா?"

"ரெயிலுக்குப் பஞ்சர் ஆகாது."

"அதான் சொல்றேன். தள்ளுங்க."

தள்ளி நின்றார். அந்த ஒரு சொல்லால் பழி முழுவதும் என் பக்கம் வந்துவிட்டது.

எங்கள் வாசலில் ஆரம்பிக்கும் இறக்கம் நேராக லாரிகள் போகும் சாலையில் போய் முடிகிறது. சம்பந்தி கிளம்பினார். நான் கை கழுவப் போனேன். கட்டைவிரலில் கிரீஸ், அதன் நடுவே பொத்தானின் வட்டத் தடம். உள்ளே அமுக்கியதற்கு அத்தாட்சி. வெளியே இழுப்பதற்கு நகம் வேண்டும். நகத்தைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

4

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

சொன்னேன்.

"உடனே போன் பண்ணுங்க."

"எடுத்தா ஒரு கைய விட்டுடுவாரே."

"எடுக்காம இருந்தா?"

"எடுக்காத ஆளா அவரு? ராங் நம்பர்கிட்டயே கால்மணி நேரம் பேசுவாரு."

"அப்ப கத்துங்க."

"கத்தினா திரும்பிப் பாப்பாரு."

"அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பொண்ணு அந்த வீட்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருப்பா?"

எழுத்தாளனிடம் பதில் இல்லாதபோது முடிவுகள் வரும்.

முடிவு ஒன்று: லாரி. அரைப்பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். சம்பந்தியம்மா படிக்கிறவர்.

முடிவு இரண்டு: சாலையோரம் ஒரு கடைக்கு மெத்தைகள் இறக்குகிறார்கள். சம்பந்தி சைக்கிளை விட்டுப் பறந்து இரட்டை மெத்தையில் விழுகிறார். எழாமலே, "இதுல இன்னும் கொஞ்சம் கெட்டியா இருக்கா?" என்று கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. மனைவி படித்துவிட்டு, "அவரு கட்டாந்தரையில படுக்கறவராச்சே" என்றாள். ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதியவனைவிட அதிகம் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரு நிமிடம். இரண்டாம் பகுதியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்தேனே, அதை மூடவே இல்லை. அங்கிருந்து இதுவரை நீங்கள் பிரேக் பிடிக்காமல்தான் உருண்டு வந்திருக்கிறீர்கள். பொத்தானை மறந்த அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன். இதோ: )

அப்பாடா.

5

நடந்தது இதுதான். சோப்பு நுரைக் கையோடு ஓடினேன். வழியில் தபால்காரரின் ஸ்கூட்டரை முந்தினேன்.*

கீழே, லாரிச் சாலைக்கு ஒரு முழம் முன்னால், ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். முழுசாக.

"ஏன் இப்படி ஓடி வர்றீங்க? பம்ப்ப விட்டுட்டு வந்துட்டேனா?"

"பிரேக்கு... பிடிச்சுதா?"

"மொதல்ல பிடிக்கல. லீவர் வந்து பார்ல இடிச்சுது. விடுவேனா? இன்னும் அழுத்தினேன். டொக்குன்னு ஏதோ தெறிச்சுது. விட்டு மறுபடி பிடிச்சேன், நின்னுடுச்சு. எல்லாம் அனுபவம் சம்பந்தி. ஆயிரம் டன்னை —"

லீவரைப் பார்த்தேன். பொத்தான் வெளியே வந்திருந்தது. அழுத்திப் பிடித்தால் அதுவே துள்ளி வெளியே வர, உள்ளே ஒரு ஸ்பிரிங்.

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கோ ஒரு பட்டறையில், முகம் தெரியாத ஒருவர், இந்த லீவரை வரையும்போதே என்னைப் பார்த்துவிட்டார். சக்கரத்தை மாட்டிவிட்டுப் பெருமையோடு கை கழுவப் போகும் மனிதனை. திட்டவில்லை, எச்சரிக்கை ஒட்டவில்லை. ஒரு ஸ்பிரிங்கை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நாற்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில்கூட என்னை யாரும் இவ்வளவு சத்தமில்லாமல் மன்னித்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"என்ன சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லா நிறுத்தினீங்க."

* தபால்காரரைக் கேட்டால் சொல்வார். மாற்றலாகிப் போய்விட்டார்.

6

முடிவு மூன்றை நான் எழுதப் போவதில்லை. சம்பந்தி போகிற வீட்டில் எல்லாம், தம் கைப்பிடியால் உயிர் பிழைத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் பெருமை போய்விடும், என் மானமும் கூடவே. சொல்லாவிட்டால் அடுத்த பஞ்சருக்கும் என்னை நம்பி வருவார்.

"சொல்லிடுங்க. ரெண்டு நாள் பேச மாட்டாரு, நமக்கும் நிம்மதி" என்கிறாள் மனைவி.

இன்று மாலை வருகிறார். இந்தத் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அவர் கண்ணில் படும்படி விடுவதா, மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடுவதா என்பது, இப்போது இதைக் கையில் வைத்திருக்கும் உங்கள் பாடு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் ஊரில் சரிவே கிடையாது. மழைத்தண்ணீர்கூட எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழுந்த இடத்திலேயே நின்று காயும்.