எந்த ஊரை மேலே போடுவது

ஏஞ்சல் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தெரியாத ஆள். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறிக் கரைந்துபோனது. சிப்காட் சாலைப் பக்கம் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. என் மகளின் முதுகு, அதில் தொங்கும் பை, பின்னலின் நுனி. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். பிறந்ததிலிருந்து அவளை முகம் பார்த்துத்தான் பழக்கம். பின்னாலிருந்து பார்த்தால் யாரோ ஒரு பெண்பிள்ளை தனியாகப் போவதுபோல் இருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு ஊர்ப் பெயருக்காக. ஏஞ்சல் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். கவுன்சிலிங்கில் எந்தெந்த இடம் வேண்டும் என்று வரிசையாகப் போட வேண்டும். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்களாம். அவள் மார்க்குக்குச் சென்னையும் கிடைக்கும், திருநெல்வேலியும் கிடைக்கும் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். இரண்டும் அரசாங்கத்துப் பல்கலைக்கழகம்தான். படிப்பும் ஒன்றுதான். எதை மேலே போடுவது என்பதுதான் எங்கள் வீட்டுச் சண்டை. நாளைச் சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

"மெட்ராஸப் போடு," என்றேன் நான். "காலைல ட்ரெயினப் புடி. சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடு."

"திருநெல்வேலில ஹாஸ்டல் கீது நைனா."

"ஹாஸ்டலே வேணாம், மெட்ராஸ்ல குடுத்தாலும் வேணாம். நீ ராத்திரில எங்க தூங்குறன்னு எனக்குத் தெரியணும்."

அடுப்படியிலிருந்து என் மனைவி ஹெலன் சிரித்தாள். "உனக்கு எப்பிடிய்யா தெரியும்? ராத்திரி ஃபுல்லா நீதான் கம்பெனில கீறியே!"

அது உண்மைதான். இரும்புக்கம்பி உருட்டும் கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் கூலி. ஆறிய கம்பியைக் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றுவது வேலை. நைட் ஷிப்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். யாருக்கு எந்த ஷிப்ட் என்று போடுவது சூப்பர்வைசர் ரகு. கான்ட்ராக்டரின் தம்பி. "பொண்ணு படிப்புக்கு ஆவும் சாலமோனு, உனக்காகத்தான் செய்றேன்" என்று சொல்லி, போன வருஷத்திலிருந்து எனக்குத் தொடர்ந்து நைட்டே போட்டுக் கொடுத்தான். மற்றவர்களுக்குப் பொறாமை. கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குக் கேக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏஞ்சல் போனைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"சரி நைனா. தெனமும் நான் எப்பிடி வருவேன்னு ஒரு நாள் கூட வந்து பாரு. ஆனா பக்கத்துல வராத. பின்னாடி வா. தெரியாத ஆளு மாதிரி."

"இன்னாத்துக்கு?"

"நீ பக்கத்துல இருந்தா ஒண்ணும் நடக்காது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வாங்க முடியவில்லை. ஹெலன் சிரிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

சென்னை போகிற அன்று ராத்திரி வேலைக்கு எனக்குப் பதிலாக லோகுவைப் போகச் சொன்னேன். பகல் ஷிப்டில் கம்பி கட்டுகிறவன். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், கேட்டில் முகம் பார்க்க மாட்டார்கள். ரகுவிடம் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பான், நைட்டைப் பிடுங்கிப் பகல் ஷிப்டில் தள்ளிவிடுவான் என்று பயம்.

சென்னை போய்ப் பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்த்தோம். பெரிய மரங்கள். எனக்குப் பிடித்திருந்தது. இதற்கா பயப்படுகிறாள் என்று நினைத்தேன். திரும்பும்போது அவள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள், நான் பக்கத்துப் பெட்டியில். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்த்தேன், இறங்கிவிட்டாளோ என்று. அது வீண் பயம். ரயிலில் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது இந்தச் சாலை.

ஒரு பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. எளாவூர் தாண்டி ஆந்திரா போக வேண்டியவை. மறுபக்கம் கம்பெனிச் சுவர். லாரிக்கும் சுவருக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். சாலையில் போகிறவனுக்கு உள்ளே நடப்பவள் தெரிய மாட்டாள். இரண்டு விளக்குக் கம்பத்தில் ஒன்றுதான் எரியும். பத்து வருஷமாக நான் போகிற வழி. லாரி டிரைவர்கள் சோறு பொங்குவார்கள், பீடி கேட்பார்கள். எனக்கு இது வெறும் சாலை. ஏஞ்சல் ஒவ்வொரு லாரியின் இடைவெளி வரும்போதும் நடையை வேகப்படுத்தினாள். நானும் வேகப்படுத்தினேன். என் செருப்புச் சத்தம் கேட்டு அவள் தோள் விறைப்பதைப் பார்த்தேன். பின்னால் வருவது நான்தான் என்று தெரிந்தே விறைக்கிறாள்.

அப்போது ஒரு பைக் வந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. லாரி இடைவெளி வழியாக உள்ளே நுழைந்து, அவள் நடைக்குச் சரியாக வேகத்தைக் குறைத்தது. நான் ஒரு டயருக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"இன்னா ஏஞ்சலு, காலைலருந்து ஆளையே காணோம்?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ரகு.

அவள் நிற்கவில்லை.

"உங்கப்பன் இந்நேரம் உள்ள கம்பி கட்டிக்கினு கீறான். நான்தான் அனுப்பிட்டு வர்றேன். உங்கம்மாவுக்கும் இன்னிக்கு வேலைல ஓவர்டைம். ஊட்ல தனியாத்தானே இருப்ப? இன்னா அவசரம்? ஏறு, உட்டுட்டுப் போறேன்."

அவன் எனக்காகப் போட்டுக் கொடுத்த நைட் ஷிப்ட். நான் கேக்கு கொண்டுபோய்க் கொடுத்த நைட் ஷிப்ட். என்னை உள்ளே அனுப்பி கேட்டைச் சாத்திவிட்டு அவன் இந்தச் சாலைக்கு வந்திருக்கிறான். எத்தனை ராத்திரி!

ஓடினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"யோவ் பெர்சு! எங்க ஓடுற?"

கம்பெனிக் கோட்டு போட்ட பெண்கள், ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனிலிருந்து கும்பலாக வருகிறவர்கள். சட்டையைப் பிடித்திருந்தவள் கட்டையாக, பலமாக இருந்தாள்.

"ஸ்டேஷன்லருந்து பாத்துக்கினே வர்றேன். அந்தப் பொண்ணு வேகமா போனா நீயும் வேகமாப் போற. அது நின்னா நீயும் நிக்குற. இன்னா சமாச்சாரம்?"

"உடும்மா! அது எம் பொண்ணு!"

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. சொந்தப் பொண்ணுன்னா லாரி பின்னாடி ஒளிஞ்சிக்கினு போவியா?"

"ஈஸ்வரியக்கா, மூஞ்சில ஒண்ணு உடு, உண்மை வரும்," என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் தோளுக்கு மேலே எனக்குத் தெரிந்தது. பைக் குறுக்கே நின்றுவிட்டது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் லாரி, முன்னால் பைக். ஏஞ்சல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டினேன். "அங்க பாரும்மா, அங்க" என்றேன்.

ஈஸ்வரி பார்த்தாள். என் சட்டையிலிருந்து அவள் கை தானாக விலகியது.

"ஏ பாப்பா!" என்று சாலையே அதிரக் கத்தினாள். "எங்களுக்காகவா நின்னுக்கினு கீற? வா வா, சேர்ந்து போலாம்!"

கும்பலே அந்தப் பக்கம் நடந்தது. ரகு திரும்பிப் பார்த்தான். அத்தனை பெண்களைப் பார்த்ததும் பைக்கைத் திருப்பிக்கொண்டு சாலைக்கு ஏறினான். லாரி நிழலில் நான் நின்றதை அவன் பார்க்கவில்லை. நான் முன்னால் வரவில்லை. வந்திருக்கலாம்.

ஏஞ்சல் ஈஸ்வரியிடம், "அக்கா, அவுரு எங்க நைனாதான்," என்றாள்.

"அட கர்மமே!" ஈஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கோண்ணா. அறைஞ்சிருப்பேன், நல்ல வேளை. ஏண்ணா, பின்னாடி வர்றதுக்குப் பக்கத்துலயே வரக் கூடாதா?"

பெண்கள் சிரித்தார்கள். காலனி முனை வரைக்கும் கூட வந்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் ஹெலன் இன்னும் வரவில்லை. ஏஞ்சல் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

"எவ்ளோ நாளா?"

"பிளஸ் டூவுக்குப் பொன்னேரில ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிச்சதுலருந்து. நீ நைட்டு போறப்பல்லாம்."

"ஏன் சொல்லல?"

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பேசினாள். "சொன்னா நீ அவன அடிப்ப, வேல போயிடும்னு பயம். அடிக்க மாட்டியோன்னும் பயம் நைனா. அத நான் பாக்கக் கூடாது."

எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

ஹெலன் வந்து கேட்டு முடித்தாள். அழுதாள். போலீசுக்குப் போகலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். சிப்காட்டில் பாதிக் கம்பெனிக்கு ஆள் விடுகிறவன் ரகுவின் அண்ணன். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அவனுக்குப் பழக்கம். மகள் பெயர் முதலில் கெடும், அப்புறம் எந்தக் கேட்டிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"திருநெல்வேலில யாரு கீறாங்க நமக்கு?" என்றேன் கடைசியாக. "அங்கயும் ஒரு ரகு இருப்பான்மா."

"இருப்பான்," என்றாள் ஏஞ்சல். "ஆனா அவனுக்கு உன் ஷிப்ட் தெரியாது."

போனை என் முன்னால் வைத்தாள். அவள் நாலாவது படிக்கும்போது அவளோடு உட்கார்ந்துதான் நானும் எழுத்துக் கூட்டப் பழகினேன். திரையில் இருந்த இரண்டு ஊரையும் மெல்லப் படித்தேன். என் சொல்லுக்காக மேலே சென்னையைப் போட்டு வைத்திருந்தாள். எனக்குத் திருநெல்வேலி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க ரயில். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் போய்ச் சேரும்போது காய்ச்சலே விட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.

"தூரத்தத் தூக்கி மேல போடு."

"நெஜமாவா நைனா?"

"சீக்கிரம் போடு. எனக்கு மறுபடியும் பயம் வந்துரும்."

போட்டாள். ஹெலன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனி கேட்டில் ரகு நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எப்போதும்போல் சிரித்தான்.

"வா சாலமோனு. இந்த மாசமும் நைட்டே போட்டுரட்டா?"

"பகல்ல போடுங்க சார். ராத்திரில கண்ணு தெரிய மாட்டேங்குது. லாரில கட்டு நழுவுது."

அவன் டீயை நிறுத்தினான். "திடீர்னு இன்னா? பொண்ணு படிப்புக்குக் காசு வேணாமா?" டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தான். "ஆமா, எங்க சேக்கப் போற?"

வாசலில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும் வரைக்கும் நேரம் கிடைத்தது.

"இங்கதான் சார். மெட்ராஸ்ல. டெய்லி ட்ரெயின்ல வந்துடுவா."

"நல்லது. பக்கத்துலயே வெச்சிக்கோ. பொம்பளப் புள்ள," என்றான் ரகு. அவன் முகத்தில் சந்தேகம் போய், ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். "சரி, பகல்லயே வா. நானும் பாத்துக்கறேன்."

ஹாஸ்டல் திறக்க இன்னும் பல வாரம் இருக்கிறது. சாயங்காலம் நான் வேலை முடித்து வரும் வரைக்கும் ஏஞ்சலுக்குத் துணையாக ஈஸ்வரியும் அவள் ஆட்களும் ஸ்டேஷன் முனையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் ஏஞ்சல் எங்கே போனாலும் நான் பின்னால் வர மாட்டேன். பக்கத்தில்தான் வருவேன். அவள் ரயிலேறும் வரைக்கும் ரகுவின் சிரிப்புக்கு நானும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பகல் ஷிப்டில் முதல் நாள், கம்பிக் கட்டைத் தூக்கினேன். கை நழுவியது. லோகு பிடித்துக்கொண்டான்.

"இன்னாண்ணா, நெஜமாவே கண்ணு தெரியலயா?"

"தெரியுதுடா," என்றேன். "இப்பத்தான் தெரியுது."