பாடினி என்னும் சொல்

பகலெல்லாம் காய்ந்து இளைத்த ஞாயிறு மேலைக் கூரைகளின்மேல் சாய, ஆலைகளினின்றும் கடைகளினின்றும் விடுபட்ட மாந்தர் தெருக்களை நிறைத்து, சோர்வு தோளில் தொங்க வீடு நோக்கி நகர, அச்சகத் தெருவின் மாடி வீடொன்றில், தாட்குவியலிடையே கண்மூடிச் சாய்ந்திருந்தார் ஒரு சொற்பொருள் அறிஞர். கற்றுணர்ந்தோரே, மணம் புரிந்த ஆண்டில் தொடங்கிய ஒரே அகரமுதலியை இருபத்தாறு ஆண்டுகளாகத் தொகுத்துத் தொகுத்து, நெய் வற்றிய விளக்கென அவர்தம் பார்வை மங்கியிருந்தது. ஆதலின், அச்சேறவேண்டிய தாள்களை மனைவி உரக்கப் படிக்க, அவர் செவியாலேயே பிழை களைந்து வந்தார். பகர வரிசை அன்று இருட்டுமுன் அச்சகம் சேரவேண்டும்.

காலைமுதல் படித்துக் கரகரத்த குரலில், “பாடினி: பாணனின் மனைவி” என்று படித்தவள், மேலே செல்லாது நின்றாள்.

“ஏங்க, இவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அடுத்ததைப் படி.”

“இந்தச் சொல்லு எதுலேருந்து வந்துச்சு?”

“பாடுங்கிற வினையிலேருந்து. பாணன் வேற, அது பண்ணுலேருந்து வந்தது. பண், பாண், பாணன்.”

“அப்போ பேரு அவ பாடினதால வந்திருக்கு. அர்த்தம் மட்டும் ஏன் புருசன்கிட்டேருந்து வருது?”

அறிஞர் கண் திறந்தார். “முன்னாடி எழுதினவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“அவங்க வீட்டுலயும் யாராவது பாடிக்கிட்டு இருந்து நிறுத்தியிருப்பாங்க.”

மணத்திற்குமுன், நிறைந்த மன்றங்கள் மூச்சடக்கிக் கேட்கப் பாடியவள் அவள். அது நினைவில் எழ, அறிஞர் தயங்கித் தயங்கி, “நீ ஏன் பாடறதை விட்டே? வீட்டு வேலை அதிகமாப் போச்சுன்னுல்ல நெனச்சேன்” என்றார்.

“கல்யாணமான புதுசுல, விடிஞ்சதும் பக்கத்து அறையில பாடுவேன். நீங்க எழுந்து வந்து கதவைச் சாத்துவீங்க. கோபமா இல்ல, மெதுவாத்தான். நாலு நாள் பார்த்தேன். அஞ்சாம் நாள் நானே வாயைச் சாத்திக்கிட்டேன்.”

அவள் சினந்து சொல்லவில்லை. சினக்கும் வலுவும் ஓய்ந்திருந்தது. கதவைச் சாத்தியதை அறிஞர் எவ்வளவு தேடியும் நினைவிற் காணார். அகர வரிசையை எழுதி முடித்த நாள்களின் இனிய அமைதி ஒன்றே நினைவில் நின்றது. அவ்வமைதியைத் தமக்கு வாய்த்த நற்பேறென்றே இதுகாறும் எண்ணியிருந்தார். தாளை வாங்கி, கண்ணருகே கொணர்ந்து, பழைய பொருளை அடித்துவிட்டு, “பாடுபவள், இசையில் வல்லவள்” என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

“ஒரு தரம் பாடேன்” என்றார்.

அவள் மறுக்கவில்லை. நிமிர்ந்து அமர்ந்து தொடங்கினாள். முதலடி எழுந்தது, இரண்டாம் அடியில், நெடுநாள் காய்ந்த வாய்க்காலில் விட்ட நீரை மண்ணே உறிஞ்சிக்கொள்வதுபோல், குரல் நடுவழியில் மறைந்தது.

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“பொய் சொல்லாதீங்க. வரலை, அவ்வளவுதான்.” சிறிது நீர் பருகி, அடுத்த சொல்லைப் படிக்கலானாள்.

இருள் சூழுமுன் அச்சகத்தார் வந்து தாள்களை வாங்கிச் சென்றனர். அந்நூல் வெளிவந்தபின், தேடி வருவோர்க்கெல்லாம் அச்சொல் செம்மையாகவே பொருள் உரைக்கின்றது. பிழைபட்ட பொருளை ஒரு கோட்டால் அடித்துவிடலாம். பாடப்படாமற் கழிந்த விடியல்களைத் திருத்தி எழுதத்தக்க தூவல், அன்பர்காள், எவர் கையிலும் இல்லை.