அதிகாரிக்கு வராத வெள்ளம்

எண்பத்தாறில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அரசாங்கம் கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்தது. கொடுத்தவர்கள் அதை வைத்து என்ன செய்வதென்று சொல்லவில்லை. தலைமையாசிரியை பிருஹதாம்பாள் அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டி, பழைய சேலையால் மூடி வைத்துவிட்டார். கணக்கு டீச்சர் குழல்வாய்மொழிதான் திருநெல்வேலியில் பயிற்சி முடித்து வந்து அந்தச் சேலையை எடுத்தாள்.

பாடம் என்றால் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், விளையாட்டு என்றால் வருவார்கள் என்று அவளே ஒரு விளையாட்டு எழுதினாள். வாசுதேவநல்லூரில் பஸ் ஏற வேண்டும். புளியோதரைப் பொட்டலத்தைத் தொலைக்காமல் குற்றாலம் போய் அருவியில் குளித்துத் திரும்ப வேண்டும். குளிக்கும்போது வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய் மறுபடி வாசுதேவநல்லூரிலேயே விட்டுவிடும்.

முதலில் அந்த வெள்ளம் சொல்லாமல் கொள்ளாமல்தான் வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஷரீபுன்னிசா சண்டைக்கே வந்துவிட்டாள்.

“ஒரு தப்பும் செய்யாத ஆளை அடிச்சா எப்படி டீச்சர்? நெசமான அருவியிலகூட தண்ணி கலங்குனதும் வெளிய வந்துருவோம்லா?”

குழல்வாய்மொழிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே. வெள்ளத்துக்கு முன்னால் திரையில் தண்ணீர் சிவப்பாகும்படி மாற்றினாள். சிவந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் கரையேறிவிடலாம். அதன் பிறகு அடித்துச் செல்லப்பட்டவர்கள் கம்ப்யூட்டரைத் திட்டவில்லை. “பாத்துக்கிட்டே நின்னுட்டேனே” என்று தங்கள் தலையில் குட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார்கள். மதிய மணி அடித்தால் பாதிச் சோற்றோடு ஓடி வந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது.

அப்போதுதான் கல்வி அதிகாரி சந்தானகிருஷ்ணன் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

“அவர் விளையாடினா தோக்கக் கூடாது, குழல்” என்றார் பிருஹதாம்பாள்.

“எல்லாருக்கும் ஒரே வெள்ளம்தான் மேடம்.”

“அவர் கோவிச்சுண்டு போயிட்டா வெள்ளமும் இருக்காது, அருவியும் இருக்காது.”

பிள்ளைகள் ஓடி வந்து வெறும் மேஜையைப் பார்த்து நிற்பதை அவளால் நினைக்க முடியவில்லை. விளையாட்டின் தொடக்கத்தில் அடிக்கும் பெயர் சந்தானகிருஷ்ணன் என்றால் வெள்ளம் வர வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். வெள்ளத்தை நிறுத்தியவள், தண்ணீர் சிவப்பதை நிறுத்த மறந்துபோனாள்.

அதிகாரி வந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடித் தன் பெயரை அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஒருவழியாக அருவிக்குப் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் சிவந்தது.

“சார், வெளிய வாங்க சார்!” பின்னால் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

அவர் எந்தப் பொத்தான் என்று தேடிக்கொண்டே இருந்தார். வெள்ளம் வரவில்லை. சாவகாசமாகக் குளித்து, பொட்டலத்தோடு ஊர் திரும்பினார்.

“இவ்வளவுதானா? ரொம்ப சுலபமா இருக்கே!”

டீச்சர்கள் கை தட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரி சொன்னபோது பிருஹதாம்பாளுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் மதியம் கம்ப்யூட்டர் அறைக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. குழல்வாய்மொழி தானே தேடிப் போனாள். ஷரீபுன்னிசா வராந்தாவில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, சாருக்கு வெள்ளம் வராம இருக்கப் போட்ட வரியை அன்னைக்கே எடுத்துட்டேன். வேணும்னா வந்து சார் பேரை அடிச்சுப் பாரு.”

“பாக்க வேண்டாம் டீச்சர். எடுத்திருப்பீங்க, நம்புதேன்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “அடுத்த ஆபீசர் வந்தா திரும்பப் போட்டுருவீங்கல்லா?”

மாட்டேன் என்று சொல்லத்தான் குழல்வாய்மொழி வாயெடுத்தாள். சொன்னால் அது பொய்யாகிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஷரீபுன்னிசா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள்.