இன்பாஸ் சேர் செய்த பக்கம்

பாராட்டு விழா மண்டபத்தின் பெரிய திரை வெறுமையானபோது, றிஸ்னா பெண்கள் பக்கத்தில், தடுப்புத் துணிக்குப் பின்னால், உம்மாவுக்கும் மூத்த சகோதரி றம்லாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கு மேலால் திரையின் பாதி தெரிந்தது. வெள்ளைப் பின்னணியில் ஆங்கிலத்தில் ஒரே வரி: சேவை இயங்கவில்லை. சற்று முன்னர்தான் இன்பாஸ் ஒலிவாங்கியில், "இதச் செஞ்செடுக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தான்.

இன்பாஸ் றம்லாவின் கணவன். கல்முனையில் கணினி வகுப்பு நடத்துபவன். ஆனால் இரத்தம் தேவைப்படுபவரையும் கொடுப்பவரையும் சேர்த்துவைக்கும் அந்தத் தளத்தை எழுதியவள் றிஸ்னா. பல்கலைக்கழகம் முடித்து வேலையில்லாமல் இருந்த ஒரு மாரி முழுக்க, சாய்ந்தமருது வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்து எழுதினாள். அதை ஊருக்குத் திறந்துவிட ஒரு கிளவுட் நிறுவனத்தில் கணக்குத் தேவைப்பட்டது. கணக்குத் திறக்க வங்கி அட்டை வேண்டும். அது மச்சானிடம்தான் இருந்தது. "எண்ட பேர்ல திறப்பம் புள்ள, வேலய நீ பாரு" என்றான். அவளுக்கும் அதில் பிழையாக ஒன்றும் தெரியவில்லை. சேர்வர் வாங்கத் தேவையில்லை, அதைப் பராமரிக்க ஆளும் தேவையில்லை. எழுதியதை அனுப்பினால் அந்த நிறுவனமே கட்டி, ஏற்றி, ஓடவிட்டது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அங்கே பதிவாகும் வரிக்குப் பக்கத்தில் அவளுடைய பெயர் விழும். வேறு எங்கும் அவளுடைய பெயர் இருக்கவில்லை. அது போதும் என்றிருந்தாள்.

போன கிழமை கணக்குக்குள்ளே போகப் பார்த்தபோது கதவு திறக்கவில்லை. இன்பாஸ் எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதிய கணக்கில் ஏற்றியிருந்தான். அங்கே தொடக்கத்திலிருந்தே அவன் பெயர் மட்டும்தான்.

"எனக்கிட்ட ஒரு சொல் கேக்கல்லயே மச்சான்."

"பாதுகாப்புக்குத்தான் புள்ள. விழா முடியட்டும், பொறகு கதப்பம்."

பிறகு உம்மா அவளைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "றம்லா வகுத்தில புள்ளயோட இரிக்கிற நேரம் நீ ஒண்டும் கதைக்காத. ஆரு செஞ்சா என்ன, புண்ணியம் உனக்குத்தானே." புண்ணியத்தை எழுதும் வானவர்களான மலக்குகளுக்கு மட்டும் தன் பெயர் தெரிந்தால் போதுமென்று உம்மா நினைப்பது றிஸ்னாவுக்கு விளங்கியது.

இப்போது மண்டபத்தில் அவளுடைய போன் அடித்தது. இன்பாஸின் குரல் போனிலும் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றாகக் கேட்டது.

"புள்ள, என்னமோ நடந்துட்டு. உன்னக் கணக்குக்கு உள்ளுக்கு சேத்திரிக்கன். கெதியாப் பாரு."

பார்த்தாள். காலையில் புதிய சின்னம் ஒன்றைப் போட்டுத் திரும்ப ஏற்றியிருக்கிறான். அப்போது அமைப்புகளில் விளங்காத வரிகளை எல்லாம் குப்பையென்று அழித்திருக்கிறான். தரவுத்தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் அந்தக் குப்பைக்குள் போய்விட்டன. இரண்டும் அவளுடைய போனில் இருந்தன. ஒட்டிவிட்டால் சரி.

அவள் ஒட்டவில்லை. நிற்கட்டும், இந்தச் சபையில் கொஞ்சம் நிற்கட்டும். உம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். றம்லா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் இன்னொரு அழைப்பு. முன்பு உதவிக்கென்று தளத்தில் அவளுடைய இலக்கம் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் சிலர்.

"தங்கச்சி, நான் காரைதீவு நிரோசன். போன முற அப்பாக்கு எடுத்தனானே. என்ர மனுசி யதுசாக்குப் புள்ள பொறந்த கையோட ரெத்தம் நிக்குதில்ல. ஓ நெகட்டிவ் வேணுமாம், ஆசுபத்திரியில காணாதாம். உங்கட பக்கம் திறக்குதில்ல தங்கச்சி..."

"வைங்க அண்ணன். இப்ப திறக்கும்."

அவசரத்தில் கடவுச்சொல் ஒருமுறை பிழைத்தது. திரும்ப ஒட்டினாள். ஏற்றினாள். பச்சைக்கோடு மெல்ல நகர்ந்தது. திரை வந்ததும் மண்டபம் கைதட்டியது.

"அல்ஹம்துலில்லாஹ், சின்ன நெட்வேர்க் பிரச்சின" என்றான் இன்பாஸ்.

பேச்சுகள் எல்லாம் முடிந்து, கடைசியில் மேடையில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தும்போது நிரோசன் திரும்பவும் எடுத்தான். அழுதான்.

"நற்பிட்டிமுனையில இருந்து ஷரிபுதீன் எண்டு ஒராள் ஓடி வந்து குடுத்துட்டார் தங்கச்சி. மனுசி தப்பிட்டா எண்டு டொக்டர் சொல்றார். உங்கட பக்கத்தில பேர் கிடந்திச்சி, இன்பாஸ் சேர் எண்டு. அவர் செஞ்ச உதவிய சாகும் மட்டும் மறக்கமாட்டன் எண்டு சொல்லுங்க."

"ஓம் அண்ணன். சொல்றன்."

வீட்டுக்குப் போகும் வேனில் இன்பாஸ் முன் இருக்கையில் நினைவுச்சின்னத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால், றிஸ்னா போனில் தளத்தின் பதிவுகளைப் பார்த்தாள். யாராவது இரத்தம் தேடும்போதெல்லாம் ஒரு வரி ஓடும். விழாச் செய்தி பரவியிருக்க வேண்டும். கோமாரி, மருதமுனை, கல்முனைக்குடி என்று வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. றம்லா அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

ஒரு ஊர்ப்பெயர் பாதி தெரிந்தபோது வரிகள் நின்றன. இந்தக் கணக்கில் உங்களுக்கு அனுமதி இல்லை என்றது பக்கம். முன் இருக்கையில் இன்பாஸின் தாடியில் விழுந்திருந்த போன் வெளிச்சம் அணைந்தது.

வேன் குழியில் விழுந்து எழும்பியது. றம்லாவின் தலை ஆடாமலிருக்க றிஸ்னா தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.