அந்துமாலெனின் குளிர்காலம்

அந்துமாலெனைப் புதைத்து நான்கு மாதமாகியும் அவள் போகவில்லை. அது அவளுடைய அக்காள் கிந்துராய்க்கு மட்டுமே தெரியும்.

காலையில் அடுப்பு மூட்டியதும் அந்த வீட்டில் முதல் பேச்சு கனவைப் பற்றித்தான். கணவன் கால்ஃபுமான் மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டிக்கொண்டே கேட்பான்.

"என்ன கண்டே?"

"ஒண்ணும் காணல."

"நாலு மாசமா இதையே சொல்றே. தூங்குறியா, இல்ல தூங்குற மாதிரி நடிக்கிறியா?"

"நீ விடுற குறட்டைக்குக் கனவு எங்க வரும்? வாசல்லயே பயந்து திரும்பிப் போயிடுது."

அவன் சிரித்துவிட்டு ஆடுகளைத் திறந்துவிடப் போவான். அவள் சொன்னதில் பாதி உண்மை. கனவில் அந்துமாலென் வாசல் வரைக்கும்தான் வருவாள். பாவாடை ஓரம் நனைந்திருக்கும். பிள்ளையைத் தாங்குவதுபோல இரண்டு கைகளையும் மார்போடு வளைத்து வைத்திருப்பாள். கைகளுக்குள் ஒன்றும் இருக்காது. விடியும்வரை அப்படியே நின்றுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"என் குளிர்காலத்த எங்க வச்சே அக்கா?"

எங்கே வைத்தாள் என்று கிந்துராய்க்குத் தெரியும்.

மாப்புச்சே மக்களிடையே ஒருவர் இறந்தால் குழியில் இறக்குவதற்கு முன்னால், பேசத் தெரிந்த இரண்டு பேர் பெட்டியின் இருபுறமும் எதிரெதிரே நின்று அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். யார் வயிற்றில் பிறந்தார், எந்த ஆற்றைக் கடந்தார், யாரோடு சண்டை போட்டார் என்று ஒருவர் சொல்லச் சொல்ல, எதிரில் நிற்பவர் "ஆமாம், அப்படித்தான்" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். முழுதாகச் சொல்லி விடைகொடுக்கப்பட்ட உயிர் எழுந்து போய்விடும். ஓட்டை விட்டுச் சொன்னால் அந்த ஓட்டையிலேயே தங்கிவிடும்.

அடக்கத்துக்கு முந்தின நாள், அப்படிப் பேசுகிறவரான கூரிமான் விவரம் கேட்க வீட்டுக்கு வந்தார்.

"உன் தங்கச்சி வாய்க்கு ஒரு நாள் பத்தாதும்மா. உயிரோட இருந்தா எனக்குப் பேச இடமே குடுத்திருக்க மாட்டா" என்று சொல்லி அழுகிற பெண்களையும் சிரிக்க வைத்தார். பிறகு ஒவ்வொரு வருடமாகக் கேட்டார். பெரிய இருமல் வந்த அந்தக் குளிர்காலத்துக்கு வந்தபோது கிந்துராய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வீட்லதான் இருந்தா. நெய்துக்கிட்டிருந்தா."

மறுநாள் நூறு பேருக்கு முன்னால் கூரிமான் அதையே சொன்னார். எதிரில் நின்றவர், ஆமாம், அப்படித்தான் என்றார். பெட்டி உள்ளே போனது.

அந்தக் குளிர்காலத்தில் அந்துமாலென் நெய்யவில்லை. அது நடந்து பத்தொன்பது வருடமாகிறது. அப்போது அவள் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஓவியர் வீட்டில் துணி துவைத்தாள். படம் வரைய அவருக்குக் குழந்தையோடு ஒரு தாய் வேண்டியிருந்தது. அந்துமாலெனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அக்காள் மாவு அரைக்கப் போயிருந்த ஒரு நாள், அவளுடைய பதினொரு மாதக் குழந்தை ஆய்லெனைத் தொட்டில் பலகையில் கட்டி, அக்காளுடைய வெள்ளி மார்ப்பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டாள். பொழுது சாயும்போது மழையில் திரும்பி வந்தாள். பதினோராம் நாள் இருமலில் குழந்தை போய்விட்டது. அந்த வருடம் ஆற்றின் இரு கரையிலும் பல வீடுகளில் அதே இருமல்தான். கிந்துராய் அதை எண்ணிப் பார்க்கவில்லை. "நீதான் கொண்டுபோய்க் கொன்னே" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார்கள், உப்பைப் பற்றிப் பேசினார்கள், சினை ஆட்டைப் பற்றிப் பேசினார்கள். அந்த நாளைப் பற்றி அந்துமாலென் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் கிந்துராய் எழுந்து வெளியே போனாள்.

கல்லறையில் போய்ச் சொன்னாலென்ன என்று ஒரு நாள் மத்தியானம் தனியாகப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அடுத்த விடியற்காலையிலும் அந்துமாலென் வந்தாள். இந்த முறை முகத்தைக் காட்டவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு ஃபிலோமேனா நிலப் பத்திரத்துக்காக அக்கரை ஊருக்குப் போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"கிந்துராய், உன் தங்கச்சி அங்க நகரமன்றத்துச் சுவத்துல உட்காந்திருக்காடி! உசிரோட இருந்தப்போ நம்மளப் பாத்து முறைப்பாளே, அதே முறைப்பு. பெரிய படமா வரைஞ்சு மாட்டியிருக்காங்க."

மறுநாள் காலையில் கிந்துராய் ஆற்றைக் கடந்தாள்.

மன்றத்து வாசலில் பித்தளைப் பொத்தான் சட்டையோடு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முகம் மாப்புச்சே மக்களுடையது, பேசியது ஸ்பானியம்.

"மனு வாங்குற நாள் இன்னைக்கு இல்ல."

"மனு குடுக்க வரல. ஒரு படம் பாக்கணும்."

"படமா? செவ்வாய்க்கிழமை காலங்காத்தால, சேத்துக் காலோட, கலை ரசிக்க வந்தீங்களா?"

கிந்துராய் மாப்புச்சே மொழிக்கு மாறினாள். "உங்க அம்மா கால்ல சேறே ஒட்டுனதில்லையோ?"

அவர் எழுத்தர் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அதே மொழியில், தாழ்ந்த குரலில், "வாங்கக்கா" என்றார். லொரென்சோ உவென்சுமான் என்று தன் பெயரையும் சொன்னார்.

படம் மண்டபத்தின் கடைசிச் சுவரில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இருந்தது. கதவளவு பெரியது. கிந்துராய் முதலில் பார்த்தது தன் பதக்கத்தை. மூன்றாவது சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்து நூலால் கட்டியிருந்ததைக்கூட அந்த மனிதர் வரைந்திருந்தார். அதற்கு மேலே அந்துமாலென், இருபத்தொரு வயதில். மடியில் தொட்டில் பலகை. அதற்குள்ளே ஆய்லென்.

பத்தொன்பது வருடத்தில் பிள்ளையின் முகம் அவள் மனத்தில் தேய்ந்துதான் போயிருந்தது. நெற்றி ஞாபகம் இருந்தது, வாய் ஞாபகம் இல்லை. இப்போது வாய் அங்கே இருந்தது. மேலுதடு சற்றே தூக்கி, அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்.

கீழே ஒரு பித்தளைத் தகடு இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"அரௌகோ தாய்னு. நம்ம ஆளுங்களுக்கு அவங்க வச்ச பேரு."

"யாரோட தாய்?"

"அதெல்லாம் எழுதலக்கா."

அப்போதுதான் அதைப் பார்த்தாள். குழந்தையின் வலது கை பலகைக்கு வெளியே நீண்டு பதக்கத்தைப் பிடித்திருந்தது. இடது கை இல்லை. மணிக்கட்டோடு நின்று, அதற்கப்பால் வண்ணம் படாத வெறும் பழுப்புத் துணி.

"கை எங்க?" என்றாள். "எம் பிள்ள கைய என்ன பண்ணான்?"

எம் பிள்ள என்ற வார்த்தையைக் கேட்டதும் லொரென்சோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கிந்துராய் படத்துக்கு நேராக நின்று சொல்லத் தொடங்கினாள். அழவில்லை. கூரிமானைப் போலக் குரலை ஏற்றி இறக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. "நீ அந்தக் குளிர்காலத்துல நெய்யல. நீ ஆத்தைக் கடந்தே. என் பிள்ளையக் கேக்காம எடுத்துக்கிட்டுப் போனே. நான் உன்னைக் கொலைகாரின்னு சொன்னேன். செத்த பிறகும் உன் கதையில பொய்ய வச்சேன்." அவ்வளவு சொன்னதும் நிறுத்தினாள். எதிரிலிருந்து பதில் வரவேண்டிய இடம் அது. மண்டபம் சும்மா இருந்தது. பதில் வராமல் அடுத்த வார்த்தை எடுக்க முடியாது. எடுத்தால் அது தனியாகப் புலம்புவதாகிவிடும்.

லொரென்சோ மெதுவாகப் போய்ப் படத்தின் மறுபக்கம், அவளுக்கு எதிரே நின்றார்.

"ஆமா, அப்படித்தான்" என்றார்.

"நீங்க யாரு அதச் சொல்ல? உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க!"

"தெரியும்க்கா. அப்போ அந்த ஓவியர் வீட்டுத் தோட்டம் என் பொறுப்பு. அவர் செத்ததும் இந்தப் படமும் நானும் ஒரே வண்டியில இங்க வந்தோம்." அவர் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்கு அவர் படம் வரையுற அறைக்கு விறகு கொண்டுபோனது நான்தான். குழந்தை பதக்கத்தப் புடிச்சு வாயில வச்சுக்கிச்சு. அவர் கத்துனார். உங்க தங்கச்சி, 'கத்தாதீங்க ஐயா, அது இவ அம்மாவோடது, இவ வாய வச்சா உங்களுக்கென்ன'ன்னு கேட்டுச்சு. முகத்த வரைஞ்சு முடிச்சாரு, இந்தக் கைய வரைஞ்சாரு. அப்போ குழந்தை தும்முச்சு, ஒரே தும்மல்தான். உடனே உங்க தங்கச்சி எந்திரிச்சுடுச்சுக்கா. 'இன்னும் ஒரு மணி நேரம், ஒரு கைதான் பாக்கி'ன்னு அவர் கெஞ்சுனாரு. அதுக்கப்புறம் மிரட்டுனாரு, இனிமே வேலைக்கு வராதேன்னுட்டாரு. அது திரும்பிக்கூடப் பாக்கல. தன் போர்வைய அவுத்துக் குழந்தைமேல ரெண்டு சுத்துச் சுத்திட்டு, வெறும் தோளோட மழையில இறங்கிடுச்சு."

கிந்துராய் அந்தப் பழுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வாசலில் வந்து நின்றவளின் தோள்கள் வெறுமையாக இருந்தன. அதை அவள் பார்த்திருந்தாள். பார்த்தும் கேட்கவில்லை.

எழுத்தர் அறையிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "என்ன லொரென்சோ, சந்தைக்கடை மாதிரி? யார் இது?"

"படத்துல இருக்கிறவங்களோட சொந்தம், ஐயா."

"படத்துக்கெல்லாம் சொந்தமா! சரி, சீக்கிரம் அனுப்பு" என்று சிரித்துக்கொண்டே அவன் உள்ளே போனான்.

கிந்துராய் மீண்டும் தொடங்கினாள். முதலிலிருந்து, தாய் வயிற்றிலிருந்து. அந்துமாலென் ஏறிய மரம், கடித்த நாய், வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளைகள் எல்லாம் வந்தன. குளிர்காலம் வந்தபோது லொரென்சோ சொன்னதை ஒன்று விடாமல் சேர்த்தாள். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் அவர் ஏற்றுக்கொண்டார். பிறகு ஆய்லெனுடையதையும் சொன்னாள். சிறு குழந்தைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. பதினொரு மாதத்தைச் சொல்லி முடிக்க நேரமே ஆகவில்லை. அதன் கடைசி நல்ல பகலை, விறகு எரிந்த அறையையும் வாயில் வைத்த வெள்ளியையும் ஒரு தும்மலையும், இப்போதுதான் முதன்முறையாக அவளால் சொல்ல முடிந்தது.

இனிப் போகச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வார்த்தை வரவில்லை. அந்த வாயைக் கண்டுபிடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கையைப் போகச் சொன்னால் அந்த மடியில் இருப்பது என்னாகும்? ஜன்னலுக்கு வெளியே ஒரு மாட்டு வண்டி கடந்து போகும் சத்தம் வந்து தேய்ந்தது.

"தூக்கிட்டுப் போ" என்றாள் கிந்துராய். "இந்தத் தடவ நானே குடுக்கிறேன். போர்வைய மட்டும் அவுத்துடாதே."

"ஆமா, அப்படித்தான்" என்றார் லொரென்சோ.

படத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்துமாலென் அதே முறைப்போடு, இப்போது இல்லாத யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கிந்துராய் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். லொரென்சோவும் மறுபக்கம் ஓர் அடி நகர்ந்தார். சுவரிலிருந்து வாசல் வரைக்கும் வழியை விட்டு, இருவரும் நின்றார்கள்.