ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அதைச் சொன்னபோது எனக்கு வயது பதினொன்று, இப்போது ஐம்பத்து நான்கு. பூமியின் தென்கோடியில், சவுத்லாந்தில், எங்கள் ஆட்டுப்பண்ணை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே அப்பா அலெக், எண்பத்திரண்டு வயதில், என் பேத்தி ஏறிக் குதித்து விளையாட வாங்கிய டிராம்போலினைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்.

2

தொடக்கம்: "அந்த செப்டம்பரில் பனிமழைக்கு ஆட்டுக்குட்டிகள் வரிசையாகச் செத்தன."

(நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழியைக் குட்டிகள்மேல் போடுகிறேன். அடித்துவிடலாம்.)

இன்னொன்று: "அப்பா மட்டும் அந்த உறைகளைக் கழற்றாமல் இருந்திருந்தால்

இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நாற்பத்து மூன்று வருடமாக முடியாமலே கிடக்கிறது. நடந்தது இதுதான். டிராம்போலினைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்குகளை மூடும் பஞ்சு உறைகளை அப்பா உருவி, தாயில்லாக் குட்டிகளுக்கு அடுப்போரம் படுக்கை போட்டார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிள்ளைகள் தானாக வளரும், குட்டிகளைத்தான் வளர்க்க வேண்டும் என்ற நினைப்பு.*

* குட்டிகள் மூன்றும் பிழைத்தன. கதைக்கு இது தேவையில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

3

அப்போது சுற்றிலும் வலை கட்டும் வழக்கமே கிடையாது. கோடையில் டிராம்போலின்மேல் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வழுக்கி விழுந்து சிரித்துச் சாவோம். எம்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணை டிராக்டர் ஒரு நொடி தெரியும். அந்த ஒரு நொடிக்காக நாள் முழுக்கக் குதிப்போம். அவ்வளவு சந்தோஷம் பிறகு எனக்கு எதிலும் கிடைக்கவில்லை.

தம்பி யூவனுக்கு ஆறு வயது. எவ்வளவு எம்பினாலும் அவனுக்கு டிராக்டர் தெரியாது.

"ரோனா, இன்னும் மேல!"

"போதும்டா, அம்மா திட்டுவாங்க."

(இப்படி நான் சொல்லவே இல்லை. நல்லவளாகத் தெரிய எழுதிவிட்டேன். சொன்னது இது:)

"பயந்தாங்கொள்ளி! இன்னிக்கு டிராக்டரைப் பாக்காம உன்னை எறக்க மாட்டேன்."

ஒருவர் மட்டும் குதிக்க வேண்டிய இடத்தில் இருவர். அவன் இறங்கும் நொடிக்குச் சற்று முன்னால் என் முழு எடையோடு நான் மிதித்தேன். அது அவனைத் தூக்கி வீசியது. டிராக்டரைப் பார்த்திருப்பான். இறங்கியது ஸ்பிரிங்குகளுக்கு நடுவில். கால் முறிந்த சத்தம் கேட்டது.

"நான் புல்லுலதான் நின்னேன். அவனா வழுக்கிட்டான்," என்றேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மூடாத ஸ்பிரிங்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யூவனின் ஒரு கால் இன்றும் ஓர் அங்குலம் கட்டை. அவனுக்கு அந்த நாள் நினைவில்லை. அப்பாவுக்கு வேறு எதுவும் நினைவில்லை.

4

அப்பா ஜன்னலில் தட்டுகிறார்.

"நாலு பக்கமும் முளை அடிச்சாச்சு. வேலியிலருந்து எட்டடி. வலை கட்டியாச்சு. ஸ்பிரிங்கு மேல ரெண்டு அடுக்கு உறை. போதுமா?"

"போதும்பா. உள்ள வாங்க, குளிருது."

"அன்னிக்கும் போதும்னுதான் நெனச்சேன்."

முடிவு அ: அப்பா இறந்தபின் கல்லறையில் நின்று உண்மையைச் சொல்கிறேன். (எனக்கு வசதி. அவருக்கு?)

முடிவு ஆ: "எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரிக்கிறார். (கதைகளில் வரும் அப்பாக்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள். இவர் சிரிக்க மாட்டார்.)

முடிவு இ: "அப்பா, அன்னிக்கு நானும் மேலதான்

5

கையைக் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன எழுதுற?"

"கதை."

"நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"நல்லவனா, கெட்டவனா?"

தாள்களை அவர் பக்கம் தள்ளினேன். இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். வாசகரே, மன்னிக்கவும், இதன் முதல் வாசகர் நீங்கள் இல்லை. விரலை வரியின் கீழ் ஓட்டி, மெதுவாகத்தான் படிப்பார். இரண்டாம் பகுதி. மூன்றாம் பகுதி. விரல் நின்றுவிட்டது.

கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நீயும் மேலதான் இருந்தியா?"

தலையாட்டினேன்.

"உனக்கு ஏதும் அடிபட்டுச்சாம்மா? யாரும் உன்னைக் கேக்கவே இல்லையே."

இதற்கு என்ன பதில் சொல்ல? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் இப்போது எழுத முடியவில்லை.